"யாத்த"ன்னு போடலாமா? பாடு, கட்டு, புனை, இயற்று, எழுது பத்தி ஒரு இழை

கேள்வி: மதுரை வாசகி, ஜனவரி 6, மாலை

எங்க பெரியப்பாவோட கவிதைத் தொகுப்பு வெளியீட்டுக்கு அழைப்பிதழ் அடிக்கப் போறோம். பெரியப்பாவோட நண்பர் ஒருத்தர் "கவிஞர் யாத்த கவிதைகள்"னு தான் போடணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். தம்பி "இயற்றிய"ன்னு போடச் சொல்றான். "எழுதிய"ன்னா போதாதான்னு அக்கா கேக்குறா. உள்ள இருக்கிறது பூரா புதுக்கவிதை தான், எதுகை மோனை எல்லாம் கிடையாது. யாத்தல்னா எழுதுறதுக்கு ஒரு பழைய மரியாதையான வார்த்தை, அவ்வளவு தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜனவரி 6, இரவு

போடாதீங்க. யாத்தல்னா எழுதுறது இல்ல, கட்டுறது. கயித்தால கட்டுறாங்களே அந்தக் கட்டு. "யா"ங்கிறது தான் வினையோட வேர். அதுலருந்து தான் யாப்பு வந்துச்சு, யாக்கையும் வந்துச்சு. எலும்பும் நரம்பும் தோலும் சேத்துக் கட்டின கட்டுங்கிறதால உடம்புக்கு யாக்கைன்னு பேரு. மரியாதைக்காக எழுதுறதுக்குப் பதிலா போட்டுக்குற வார்த்தை இல்ல இது. எந்த வேலை நடந்துச்சோ அந்த வேலையோட பேரு.

ஜனவரி 7, காலை

நேத்து தூக்கக் கலக்கத்துல சுருக்கமா முடிச்சிட்டேன். கொஞ்சம் விரிவா சொல்றேன்.

நான் ஒரு அச்சகத்துல புரூஃப் பாக்குறவன். கவிதைத் தொகுப்பு, மலர், பாராட்டு விழா அழைப்பிதழ் எல்லாம் வருஷம் முழுக்க வரும். அதுல "யாத்த", "புனைந்த", "வடித்த", "தீட்டிய", "படைத்த" எல்லாம் ஒரே அர்த்தம்ங்கிற நினைப்புல மாத்தி மாத்திப் போட்டிருப்பாங்க. ஒரே அழைப்பிதழ்ல மேல "யாத்த", கீழ "வடித்த", வாழ்த்துரையில "தீட்டிய". மேட்டர் குடுக்கிறவங்க ஆசையா எழுதிக் குடுத்ததுல கை வைக்க மனசு வராது, எழுத்துப்பிழை மட்டும் பாத்துட்டு அனுப்பிடுவேன். ஆனா உள்ளுக்குள்ள உறுத்தும். ஏன்னா இந்த வினை ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வேலை இருக்கு.

கட்டுங்கிற பொருளுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு குறள்லயே இருக்கு, அதுவும் காமத்துப்பால்ல. 1093. "நோக்கினாள் நோக்கி இறைஞ்சினாள் அஃதவள் யாப்பினுள் அட்டிய நீர்." அவ பாத்தா, பாத்துட்டுத் தலையக் குனிஞ்சா, அது அவ யாப்புக்குள்ள ஊத்தின தண்ணி. இங்க யாப்புன்னா வெண்பாவா? இல்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல விழுந்த கட்டு, அன்பு. அந்த அன்புங்கிற பயிர் வளர அவ வாத்த நீர்னு உரைகாரர் விரிக்கிறார். ஒரே சொல்லு இலக்கண நூல்ல செய்யுளுக்கும் நிக்குது, இங்க ரெண்டு மனசுக்கு நடுவுலயும் நிக்குது. இத முதல்ல படிச்ச நாள்லருந்து யாப்புங்கிறதக் கட்டுப்பாடு, விலங்குன்னு திட்டுறதக் கேட்டா எனக்குத் தாங்காது. ஒட்ட வைக்கிற கட்டும் கட்டு தானே.

ஜனவரி 7, மதியம்

"கபிலர் பாடியதுன்னு தானே புறநானூத்துல போட்டிருக்கு, யாத்ததுன்னு எங்க இருக்கு"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார். நல்ல கேள்வி. ஆமா, பாட்டுக்கு அடியில இருக்கிற பழைய குறிப்புல எல்லாம் இன்னாரை இன்னார் "பாடியது"ன்னு தான் வரும். இன்னிக்கு "பாடினார்"னா பாட்டுப் பாடுறவங்க, "எழுதினார்"னா பாடலாசிரியர். சினிமா இத நல்லாப் பிரிச்சு வச்சிருச்சு. அதனால பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கபிலர் ராகம் போட்டுப் பாடினார்னு நினைச்சுக்கும். பாடுங்கிறது அன்னிக்குப் பாணன் பாடுறதுக்கும் வந்துச்சு, புலவர் செய்யுள் ஆக்குறதுக்கும் வந்துச்சு.

அந்தப் பாடுங்கிற வினைக்கு எவ்வளவு எடை இருந்துச்சுன்னு பாக்கணும்னா புறம் 72. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் வஞ்சினம் சொல்றான். எதிரிங்கள ஜெயிக்காட்டி எனக்கு என்னெல்லாம் ஆகட்டும்னு அடுக்கிட்டு வர்றவன், அதுல ஒண்ணா மாங்குடி மருதன் தலைவனா இருக்கிற புலவர்கள் என் நாட்டப் "பாடாது வரைக"ங்கிறான். பாடாம விலகிப் போகட்டும்னு தனக்குத் தானே சாபம் போட்டுக்கிறான். அந்த எடத்துல "எழுதாது வரைக"ன்னு வச்சுப் பாருங்க. உப்புச் சப்பில்லாமப் போயிடும்.

ஜனவரி 7, ராத்திரி

இன்னொண்ணு. புறம் 53-ல கபிலரப் பத்தி வர்ற வரி: "செறுத்த செய்யுள் செய்செந் நாவின்". பாடினது பொருந்தில் இளங்கீரனார். இதுல வினை "செய்". செய்யுளச் செய்யுற நாக்கு. செறுத்தன்னா செறிச்ச, நெருக்கி அடைச்ச. கவிதைய நாக்கு செய்யுது, கை இல்ல. செய்யுள்ங்கிற பேரே செய்ங்கிறதுலருந்து வந்தது தான். திருமூலர் இன்னும் ஒரு படி மேல போறார், "தன்னை நன்றாகத் தமிழ்செய்யு மாறே"ன்னு. தமிழ் செய்றது! தமிழ்ல செய்றதுன்னு கூடச் சொல்லல. இந்த ரெண்டு வார்த்தைய அடிக்கடி வாய்விட்டுச் சொல்லிப் பாப்பேன். எனக்குப் பிடிச்ச வினை இது தான், யாத்தலவிடவும்.

ஜனவரி 8, காலை

"எழுதுறதுக்கும் பாடுறதுக்கும் என்னங்க பெரிய வித்தியாசம், கடைசில ஏட்டுல ஏறுறது தானே"ன்னு ஒரு ஐயா கேட்டிருக்கார். ஐயா, ஏட்டுல ஏத்துறது வேற ஆளா இருந்த காலம் ரொம்பப் பக்கத்துல தான் இருக்கு. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பாட்டு சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டுல எழுதினதா உ.வே.சா. பதிஞ்சு வச்சிருக்கார். தலபுராணம் தலபுராணமா அப்படித் தான் வளந்துச்சு. எழுத்தாணி ஒருத்தர் கையில, செய்யுள் இன்னொருத்தர் வாயில. அந்த மாணாக்கர் "எழுதினார்", பிள்ளையவர்கள் "பாடினார்". ரெண்டு பேரும் ரெண்டு வேலை பாத்தாங்க, அதனால ரெண்டு வினை. எழுதுறவரும் ஆக்குறவரும் ஒரே ஆளான பிறகு தான் நமக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுது.

ஜனவரி 8, மாலை

சரி, கட்டுறதுன்னா நிஜமாவே என்ன நடக்குதுன்னு காட்டாம பேசிக்கிட்டே இருந்தா பிரயோஜனம் இல்ல. இதுக்குன்னே ஒரு குறள் வெண்பா பண்ணியிருக்கேன், இத எடுத்துக்கங்க.

முதல்ல பேச்சுல எப்படிச் சொல்வோம்: கட்டாத பூவெல்லாம் காத்தோட போயிடும், கட்டின சொல்லு நிலைச்சு நிக்கும். இத வெண்பா வாக்குல கொண்டு வர்றோம்.

கட்டாத பூவெல்லாம் காற்றோடு போய்விடும்
கட்டியசொல் நிலைத்து நிற்கும்

பழக்கமில்லாதவங்களுக்கு ஒரு வரி: ஓசையோட சின்ன துண்டு அசை, தனி எழுத்து நின்னா நேர், குறிலோட இன்னொரு எழுத்து சேந்தா நிரை. அசை சேந்தா சீர், தேமா, புளிமா, கூவிளம், தேமாங்காய் எல்லாம் சீரோட அளவுக்கு வாய்பாட்டுப் பேரு. ஒரு சீர் அடுத்த சீரோட ஒட்டுறது தளை, ஒட்டலன்னா தளை தட்டுது. இப்ப பாருங்க, முதல் அடி சரி. கட்டாத, பூவெல்லாம், காற்றோடு மூணும் தேமாங்காய். காய் முன் நேர் வரணும், வருது. போய்விடும் கூவிளம், விளம் முன் நேர் வரணும், அடுத்த அடியில "கட்" வருது, சரி.

ரெண்டாவது அடியப் பாருங்க. கட்டியசொல் கூவிளங்காய். காய் முன் நேர் வரணும், ஆனா வர்றது "நிலைத்", அது நிரை. தளை தட்டுது. நிலைத்துங்கிறது புளிமா. மா முன் நிரை வரணும், வர்றது "நிற்", நேர். அங்கயும் தட்டுது. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்புங்கிற நாலு வாய்பாட்டுல ஒண்ணுல முடியணும், "நிற்கும்" எதுலயும் உக்காரல. சின்ன அடி, அதுல மூணு எடத்துல தட்டுது.

இப்ப புதுசா ஒரு சொல்லும் வேணாம். கடைசி ரெண்டையும் இடம் மாத்துங்க.

கட்டாத பூவெல்லாம் காற்றோடு போய்விடும்
கட்டியசொல் நிற்கும் நிலைத்து

கட்டியசொல் காய், அடுத்து "நிற்" நேர். நிற்கும் தேமா, அடுத்து "நிலைத்" நிரை. நிலைத்து, பிறப்புங்கிற வாய்பாட்டுல முடிஞ்சிருச்சு. மூணும் ஒரே நேரத்துல சரியாச்சு. இனிமே இதுல எந்தச் சொல்லையும் அசைக்க முடியாது, அசைச்சா பக்கத்துச் சொல்லு அவுந்துரும். இந்த வேலைக்குப் பேரு தான் யாத்தல். பொருள் மாறல, பேச்சு மாறல, ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்கிச்சு. எழுதுறதுங்கிற சொல்லுல இந்த வேலை எங்கயாவது தெரியுதா சொல்லுங்க.

ஜனவரி 8, அதுக்குக் கொஞ்ச நேரம் கழிச்சு

மேல பூவு வந்ததால ஒண்ணு சொல்லிடுறேன். யாப்புல தொடைன்னு ஒரு உறுப்பு இருக்கு. மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை எல்லாம் தொடை. தொடைங்கிறது தொடுங்கிற வினைலருந்து வந்தது, பூத்தொடுக்கிற அதே தொடு. "பாமாலை தொடுத்தார்"னு மேடையில சொல்றது வெறும் அலங்காரப் பேச்சுன்னு நினைக்காதீங்க, அது இலக்கணச் சொல்லுலயே இருக்கு. ஆண்டாள் "சங்கத் தமிழ்மாலை முப்பதும்"னு சொன்னதும் அந்த வழியில தான்.

ஜனவரி 9, காலை

ஒரு நண்பர் "சீர்தூக்கிப் பார்ங்கிறதும் யாப்புலருந்து வந்தது தானே, சீர், தூக்கு ரெண்டும் செய்யுள் உறுப்பாச்சே"ன்னு போட்டிருக்கார். ஆசையாத் தான் இருக்கு. ஆனா அது தராசு. குறள் 118-ல "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்"னு இருக்கு பாருங்க, துலாக்கோலத் தான் சொல்றார். தூக்குன்னா நிறுக்கிறது. அதே தூக்குங்கிற சொல்லு செய்யுளுக்கும் பேரா இருந்திருக்கு, யாப்பு, பாட்டு, தூக்கு, தொடர்பு, செய்யுள் எல்லாம் ஒரு பொருள் குறிச்ச சொல்லுங்கன்னு யாப்பருங்கலம்ங்கிற செய்யுள் இலக்கண நூலோட பழைய உரை சொல்லுது. அப்போ ரெண்டு எடத்துக்கும் நிறுக்கிறது பொதுவா இருக்கலாம், ஆனா நாம பேசுற சீர்தூக்கிப் பாக்குறது கடைத்தெருப் பக்கத்துலருந்து வந்தது, வெண்பாப் பக்கத்துலருந்து இல்ல.

ஜனவரி 9, மதியம்

இயற்றுங்கிறதப் பத்தி யாரும் பேசல. பாவம் அது. பாடப்புத்தகத்துல "இயற்றியவர்"னு வந்து வந்து அது சும்மா ஒரு தலைப்பு மாதிரி ஆயிருச்சு. ஆனா குறள் 1062-ல கடவுளையே "உலகியற்றியான்"ங்கிறார், அதுவும் திட்டுற எடத்துல. பிச்சை எடுத்துத் தான் ஒருத்தன் உயிர் வாழணும்னா இந்த உலகத்த உண்டாக்கினவன் அலைஞ்சு கெடட்டும்னு. 385-ல அரசன் பொருள் வர்ற வழிய உண்டாக்குறதுக்கும் "இயற்றல்" தான். இன்னிக்கும் சட்டசபையில சட்டம் "இயற்றுறாங்க", யாரும் சட்டம் எழுதுறாங்கன்னு செய்தியில சொல்றதில்ல. ஒண்ண உண்டாக்கி நடக்க விடுறது இயற்றுறது. காப்பியம், புராணம், இலக்கண நூல் மாதிரி பெரிய அமைப்புக்கு இது பொருந்தும். நாலு வரிக் கவிதைக்கு "இயற்றிய"ன்னா கொஞ்சம் பெரிய சட்டை.

புனைங்கிறது வேற ரகம். அழகு பண்றது, தீட்டுறது, சூடிக்கிறது. நெடுநல்வாடையில "புனையா ஓவியம்"னு வரும், வண்ணம் தீட்டாத கோட்டுச் சித்திரம். அதே புனை தான் இன்னிக்குப் புனைகதையிலயும் புனைபெயர்லயும் இருக்கு, பொய் வழக்கு புனையுறதுலயும் இருக்கு. கட்டுக்கும் இதே கதி தான். பாட்டு கட்டுறாங்க, கதை கட்டுறாங்க, இட்டுக்கட்டுறாங்க. இட்டுக்கட்டிப் பாடுறான்னா திறமை, இட்டுக்கட்டிப் பேசுறான்னா பொய். கவிதை பண்ற வினைக்கெல்லாம் நம்ம மொழியில பொய்யோட ஒரு வேலி தான் நடுவுல. ஆனா யாத்தல் மட்டும் அந்தப் பக்கம் போகவே இல்ல. பொய் யாத்தான்னு யாரும் சொல்லிக் கேட்டதில்ல.

ஜனவரி 9, இரவு

கேள்வி கேட்ட தங்கச்சிக்கு: அழைப்பிதழ் நாளைக்கு அச்சுக்குப் போகணும்னு சொல்லியிருந்தீங்க. "எழுதிய"ன்னே போடுங்க. அக்கா சொன்னது தான் சரி. பெரியப்பா எழுதினார், அதுல குறைச்சல் ஒண்ணும் இல்ல. அந்த நண்பர்கிட்ட இதக் காட்டுங்க, கோவிச்சுக்க மாட்டார்னு நினைக்கிறேன்.

ஜனவரி 10, காலை

நேத்து ராத்திரி படுத்தப்புறம் தொல்காப்பியம் செய்யுளியல் ஞாபகம் வந்துச்சு, தூக்கம் போயிருச்சு. இதுவரைக்கும் நான் பேசினது பூரா வெண்பா, தளை, வாய்பாடுன்னு ஒரு பக்கமா இருக்கு. தொல்காப்பியர் யாப்ப எப்படிச் சொல்றார்னு பாருங்க:

"எழுத்து முதலா ஈண்டிய அடியில்
குறித்த பொருளை முடிய நாட்டல்
யாப்பென மொழிப யாப்பறி புலவர்"

எழுத்துலருந்து தொடங்கி அடி வரைக்கும் சேத்து, சொல்ல நினைச்ச பொருள முழுசா நாட்டுறது யாப்பு. அவ்வளவு தான். நாட்டல், அதாவது ஊனி நிக்க வைக்கிறது. கம்பு ஊனுற மாதிரி, கொடி நாட்டுற மாதிரி. இதே வினையத் தான் சிலப்பதிகாரப் பதிகம் எடுத்துக்கிச்சு, "நாட்டுதும் யாமோர் பாட்டுடைச் செய்யுள்"னு. பாடுவோம்னு சொல்லல, எழுதுவோம்னும் சொல்லல, நாட்டுவோம்னு சொல்லுது. கண்ணகிக்குக் கல்லு நாட்டின கதை சொல்ற நூலுக்கு இதவிடப் பொருத்தமான வினை கிடைக்குமா?

அதுக்கு அடுத்தாப்புல தொல்காப்பியர் யாப்பு எங்கெங்க எல்லாம் நடக்குதுன்னு ஏழு எடம் சொல்றார். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல். பிசின்னா விடுகதை. முதுசொல்னா பழமொழி. வாய்மொழின்னா மந்திரம். உரையும் அதுல இருக்கு! அப்போ உரைநடையும் யாப்பின் வழி வந்தது, வீட்டுல பாட்டி போடுற விடுகதையும் யாப்பின் வழி வந்தது. பின்னால வந்த யாப்பருங்கலமும் யாப்பருங்கலக் காரிகையும் பாவகைய எடுத்து நுணுக்கமா விளக்கினதால நமக்கு யாப்புன்னாலே வெண்பா, ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பான்னு ஆயிருச்சு. மூல நூல் வச்சிருந்த வாசல் இன்னும் அகலம்.

அப்படின்னா புதுக்கவிதைக்கு "யாத்த"ன்னு போடலாமான்னு கேட்டா, இப்ப என் பதில் இது: சொல்ல வந்தது முழுசா ஊனி நிக்குதா, ஒரு சொல்ல எடுத்தா மிச்சம் சாயுதா, அப்போ அது யாத்தது தான், தளை இருந்தாலும் இல்லாட்டியும். பழமொழிக்கு ஏது தளை? "ஆழம் தெரியாம கால விடாதே"ல எந்தச் சொல்ல எடுப்பீங்க? ஆனா இது கவிதையப் படிச்சுட்டு வாசகர் சொல்ல வேண்டிய வார்த்தை, அழைப்பிதழ்ல நாமளே போட்டுக்குற வார்த்தை இல்ல. அதனால தங்கச்சிக்குச் சொன்னதுல மாத்தம் இல்ல.

ஜனவரி 10, மாலை

நன்னூல் எடுத்து வச்சுப் பாத்தேன். பவணந்தி செய்யுளுக்கு இலக்கணம் சொல்ற எடத்துல "பல்வகைத் தாதுவின் உயிர்க்கு உடல்போல்"னு தொடங்குறார். பலவகைத் தாதுவால உயிருக்கு உடம்பு அமையுற மாதிரி, பல சொல்லால பொருளுக்கு இடமா அமையுறது செய்யுள். முதல் நாள் யாக்கையும் யாப்பும் ஒரே வேருன்னு சொன்னேன்ல, பவணந்தி அந்த ரெண்டையும் நேரா பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கார். சொல்லு உடம்பு, பொருள் உயிர். உடம்பு கட்டு அவுந்தா உயிர் தங்காதுன்னு அதுக்கு மேல அவர் விளக்கல. விளக்க வேண்டிய தேவை இல்ல.

ஜனவரி 11

ஒரு தோழர் கோபமா எழுதியிருக்கார், யாப்ப உடைச்சுட்டு வந்தது தான் நவீன கவிதை, திரும்ப அங்க இழுக்காதீங்கன்னு. யாரையும் இழுக்கல தோழர். வினையப் பத்தித் தான் பேசுறேன், அதுலயே உங்க பக்கத்துக்கு ஒரு விஷயம் இருக்கு.

புதுக்கவிதைக்கு இடம் குடுத்து வளத்த பத்திரிகை சி.சு. செல்லப்பா 1959-ல ஆரம்பிச்சது. பேரு "எழுத்து". 1970 வரைக்கும் வந்துச்சு. அடுத்த அலை கோயம்புத்தூர்லருந்து 70கள்ல வந்துச்சு, பேரு "வானம்பாடி". ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒண்ணுல எழுது, இன்னொண்ணுல பாடு. எழுத்துக்காரங்க கவிதை தாள்ல, ஒத்த வாசகன் கண்ணுக்கு முன்னால, மெதுவாப் படிக்க வேண்டியது. வானம்பாடிக்காரங்க மேடை, கூட்டம், கைத்தட்டல், குரல்னு போனாங்க, தளை இல்லாத கவிதைய வச்சுக்கிட்டே. யாப்பு போனாலும் பாடு போகல. பேர் வச்சவங்க இத நினைச்சு வச்சாங்களோ இல்லையோ, ரெண்டு வினையும் ரெண்டு முகாமாப் பிரிஞ்சு நின்னது உண்மை. இன்னிக்கும் கவியரங்கத்துல போய் "கவிதை பாடினார்"னு தான் செய்தி போடுறாங்க, ராகம் ஒண்ணும் இருக்காது. இலக்கியக் கூட்டத்துல "கவிதை வாசித்தார்". எந்தக் கூட்டம்னு வினைய வச்சே சொல்லிடலாம்.

ஜனவரி 11, இரவு

"காரிகை கற்றுக் கவிபாடுவதிலும் பேரிகை கொட்டிப் பிழைப்பது நன்று" பழமொழியப் போட்டுட்டு ஒருத்தர் சிரிச்சிருக்கார். நல்லாத் தான் இருக்கு. அந்தப் பழமொழியப் பிரிச்சுப் பாருங்க, காரிகை, பேரிகை ரெண்டுக்கும் எதுகை அச்சா உக்காந்திருக்கு. காரிகை கத்தவர் தான் அதக் கட்டியிருக்கணும்.

ஜனவரி 12

தெக்கத்திப் பக்கத்துலருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க, அவங்க ஊர்ல பாட்டு "படிக்கிறது"ன்னு தான் சொல்வாங்க, பாடுறதுன்னு சொன்னா டவுன் பேச்சுன்னு. ஆமா, எங்க அம்மா பக்கமும் "ஒரு பாட்டு படி"ன்னு தான் சொல்லுவாங்க. எழுத்தே தெரியாதவங்களும் பாட்டு படிப்பாங்க. மட்டக்களப்புப் பக்கம் நாட்டார் பாட்டுக்கே "கவி"ன்னு பேரு, வயல்ல வேலை பாக்குறவங்க கவி பாடுவாங்க.

நாட்டுப்புறத்துல ஒவ்வொண்ணுக்கும் தனி வினை. கும்மி அடிக்கிறாங்க, விடுகதை போடுறாங்க, தாலாட்டு பாடுறாங்க, ஒப்பாரி வைக்கிறாங்க. எங்க பக்கம் ஒப்பாரிய பாடுறதா சொல்ல மாட்டாங்க, வைக்கிறது தான். எங்க சின்னம்மா ஒப்பாரி வைக்கிறதுல பேர் போனவங்க. எழுதப் படிக்கத் தெரியாது. லாரி ஓட்டுன சொந்தக்காரர் ஒருத்தர் தவறினப்போ அவங்க வச்ச ஒப்பாரி இன்னும் காதுல இருக்கு. வழக்கமா "தங்கரதம் ஏறி வந்த என் ராசா"ன்னு வர்ற எடத்துல, மூச்சு விடாம "பச்ச லாரி ஏறி வந்த என் ராசா"ன்னு வச்சாங்க. தங்கரதம்ங்கிற எடத்துல பச்ச லாரி எவ்வளவு கச்சிதமா உக்காருது பாருங்க, ஓசை ஒரு துளி கூட நொண்டல. அதுக்கடுத்த வரிக்கு "பத்தூரு சரக்கெடுத்த என் ராசா"ன்னு எதுகையும் தானா வந்து விழுந்துச்சு, பச்ச, பத்தூருன்னு மோனையும். அழுதுக்கிட்டு இருந்தவங்க எல்லாரும் அந்த வரியில இன்னும் ஓன்னு அழுதாங்க. ரதம்னு கேக்குறப்போ பொதுவான சாவு, லாரின்னு கேட்டதும் எங்க வீட்டுச் சாவு.

ஜனவரி 12, சேர்க்கை

மேல எதுகைன்னு போட்டத ஒருத்தர் பிடிச்சுக் கேட்டிருக்கார். பச்ச, பத்தூருல ரெண்டாவது எழுத்து ச், த்னு வேற வேற, அதனால அதே எழுத்து வர்ற நேர் எதுகை ஆகாது, மோனை தான். ரெண்டும் வல்லின ஒற்றுங்கிறதால காதுக்கு எதுகை மாதிரி இடிக்கும், அந்த இடியத் தான் சொன்னேன். அப்படி இனம் ஒத்து வர்றதையும் இன எதுகைன்னு இலக்கணத்துல சேத்துப்பாங்க. ஒப்பாரிக்கு அது போதும்.

ஜனவரி 13

கடவுள் அடியெடுத்துக் குடுக்கிறதப் பத்தி ஒருத்தர் கேட்டிருக்கார். சுந்தரருக்குப் "பித்தா", சேக்கிழாருக்கு "உலகெலாம்"னு சிவபெருமான் முதல் சொல்ல எடுத்துக் குடுத்ததா மரபு. கந்தபுராணம் பாடின கச்சியப்பருக்கு முருகன் "திகடசக்கர"ன்னு எடுத்துக் குடுத்தார்ங்கிற கதையில தான் வேடிக்கை. காஞ்சிபுரம் குமரகோட்டத்துல அரங்கேத்துறப்போ, திகழ் கூட தசக்கரம் சேந்தா திகடசக்கரம்னு எப்படி வரும், விதியக் காட்டுங்கன்னு ஒருத்தர் எந்திரிச்சுக் கேட்டாராம். சாமி குடுத்த சொல்லுன்னு சொல்லியும் சபை விடல. அப்புறம் வீரசோழியம்ங்கிற இலக்கண நூல்லருந்து விதி காட்டின பிறகு தான் அரங்கேற்றம் நடந்துச்சுன்னு கதை. நடந்ததோ இல்லையோ, இந்தக் கதையச் சொல்லி வளத்த ஜனங்க எனக்குப் பிடிக்கும். சாமியே எடுத்துக் குடுத்தாலும் கட்டு சரியா இருக்கான்னு பாத்துத் தான் ஏத்துக்குவோம்னு நின்னிருக்காங்க.

அரங்கேத்துறதும் ஒரு வினை தான் பாருங்க. பாடி முடிச்சா போதாது, சபையில ஏத்தணும்.

ஜனவரி 14

பொங்கல் வாழ்த்து எல்லாருக்கும். கடைசியா வந்த கேள்வி: "யாத்தார்"னு இறந்தகாலத்துல மட்டும் தான் கேக்குறோம், நிகழ்காலம் இருக்கா? இருக்கு. கா, காக்கிறேன், காத்தேன், காப்பேன் மாதிரி யா, யாக்கிறேன், யாத்தேன், யாப்பேன். இலக்கணப்படி ஒரு குறையும் இல்ல. ஆனா "இரு, ஒரு வெண்பா யாத்துக்கிட்டு இருக்கேன்"னு யாரும் சொல்லி நான் கேக்கல. வெண்பா பழகுற எங்க வட்டத்துல "வெண்பா போடுறேன்", "ஈற்றடிக்குப் பாட்டு கட்டுறேன்"னு தான் பேசிக்குவோம். கட்டுறேன்னு சொல்றப்போ யாக்கிறேன்னு தான் சொல்றோம், வேர்ச்சொல்லு மட்டும் வேற. அதனால பேச்சுல கட்டுங்கிறதையே தாராளமா வச்சுக்கங்க, யாத்தலுக்கு நேரான பேச்சுச்சொல்லு அது தான்.

மேல நான் குடுத்த குறள் வெண்பாவுக்கு அலகிட்டு, அதாவது அசை பிரிச்சு, காட்டச் சொல்லி நாலஞ்சு பேர் கேட்டிருக்கீங்க. பொங்கல் கழிச்சு தனியாப் போடுறேன். கடைசிச் சீர்ல குற்றியலுகரம் வர்ற எடத்துல தான் நிறைய பேர் சிக்குறாங்க, அதுவரைக்கும் பழகுறவங்க ஆளுக்கு ஒரு ஈற்றடி கட்டி இங்கயே போடுங்க, பாத்துச் சொல்றேன்.